பழனிவேல் அளவு நாற்காலி

தன் உடம்பை அளந்து, தன் அளவுக்கே செய்த நாற்காலியில் தன்னாலேயே உட்கார முடியவில்லை என்றால் ஒரு மனிதன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? பழனிவேல் என்னிடம் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்கக்கூடாத விஷயம் என்று புரிந்தது.

பழனிவேலும் நானும் நெய்வேலி சுரங்கத்தில் ஒரே கேபினில் வேலை பார்த்தவர்கள். தோண்டிய மண்ணை ஒரு பெல்ட் கொண்டுவந்து அடுத்த பெல்ட்டில் கொட்டும். அந்தக் கொட்டுமிடத்தைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, மண் குவிந்தால் பெல்ட்டை நிறுத்துவதும், சரியானதும் ஓட்டுவதும் எங்கள் வேலை. அவர் முதல் ஷிப்ட் என்றால் நான் இரண்டாம் ஷிப்ட். அவர் எழுந்திருப்பார், அந்தச் சூடு ஆறும் முன் நான் உட்காருவேன். கேபினில் இருந்தது ஒரே நாற்காலி.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் முன்பு எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே ஊர். எங்களுக்கு நிலம் இருந்தது. அவருடைய அப்பா அதில் கூலிக்கு வேலை செய்தவர். என் அப்பா வரப்பில் வந்தால் அவர் அப்பா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கும் எழுந்து நின்றிருக்கிறார். நிலமும் போய், ஊரும் போய், எனக்கும் பழனிவேலுக்கும் ஒரே மாதிரி சீருடை, ஒரே சம்பளம், ஒரே நாற்காலி என்று ஆனது. என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிடுவேன். ஊரிலேயே இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாயா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

அவர் குடும்பத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அதை வாய்விட்டுப் பெருமையாகச் சொல்லமாட்டார். ஆனால் வேலைக்கு வந்ததும் துண்டால் நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு உட்காருவார். அது பழைய இரும்பு நாற்காலி. வயர் தொய்ந்து குழியாகிவிட்டது. அந்தக் குழியில் அவர் மனைவி சாமியம்மாளின் பழைய புடவை ஒன்று மடித்து வைத்திருக்கும். பழனிவேல் அதில் உட்காரும் விதமே தனி. வலது காலை மடித்து அடியில் போட்டுக்கொள்வார், இடப்பக்கம் சாய்ந்துகொள்வார், கழுத்தை நீட்டுவார். கேபினின் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. நேராக உட்கார்ந்தால் கொட்டுமிடத்தைச் சரியாக அந்தத் தூண் மறைத்துவிடும். சாய்ந்தால்தான் தெரியும். நான் உயரம், அப்படி மடங்கிச் சாய என்னால் முடியாது, அதனால் பாதி நேரம் எழுந்து ஓரமாக நின்றே பார்ப்பேன். எங்கள் யாருக்கும் அந்தத் தூண் ஒரு குறையாகவே தோன்றியதில்லை. வானம் மேலே இருப்பது போல அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

தானே புயலுக்கு அடுத்த ஆண்டு, ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேலை செய்யும் இடம் மனித உடம்புக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். தலைமை ஏற்று வந்தது இசைப்பிரியா என்ற இளம்பெண். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் சொந்த ஊர், படித்து அதே கல்லூரியில் ஆசிரியை ஆனவர். உடம்புக்கு ஏற்ற மாதிரி வேலையை மாற்றவேண்டும், வேலைக்கு ஏற்ற மாதிரி உடம்பை வளைக்கக்கூடாது என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். புரிந்து ஆட்டியது எத்தனை பேர் என்று தெரியாது.

அளவெடுப்பதாகச் சொன்ன நாளன்று எங்கள் ஆட்கள் வந்த கோலத்தைப் பார்த்திருக்கவேண்டும். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய திருநீறு. பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு அலங்காரம் செய்துகொள்ள மாட்டான். காலணியை, அளவெடுக்கும் ஹாலுக்கு வெளியே வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனோம். வேலையில் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸோடுதான் இருக்கிறோம் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. உள்ளே மேடம் நிற்கிறார், செருப்புக் காலோடு எப்படிப் போவது?

இசைப்பிரியா நல்லபடியாகத்தான் கேட்டார். வேலையில் எப்போதும் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள் என்றார். பழனிவேல் உட்கார்ந்தார். முதுகு சுவர் போல நேராக, முழங்கால் இரண்டும் ஒட்டி, கை இரண்டும் தொடை மேல். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போது முதல் வரிசையில் உட்கார வைப்பார்களே, அப்படி. கொஞ்சம் தளர்த்தி உட்காருங்கள் என்றார் அவர். பழனிவேல் இன்னும் நிமிர்ந்தார். எங்கேயாவது வலி இருக்கிறதா என்று இசைப்பிரியா கேட்டார். இல்லீங்க மேடம், ஒண்ணும் இல்லீங்க என்று சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம்.

அது பொய். அவருக்கு இடுப்பில் வலி இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் ஏறுவார். ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குக் காரணம் ராயப்பன். அடுத்த கேபினில் இருந்த ராயப்பன் மூட்டு வலி என்று ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தார். பரிசோதித்துவிட்டு, இந்த உடம்புக்கு இந்த வேலை ஆகாது என்று லைட் டூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ஸ்டோர் வாசலில் லாரி வந்தால் எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிடுகிறார். அவர் நல்லதுக்குத்தான் செய்தார்கள், சம்பளமும் குறையவில்லை. ஆனால் பழனிவேல் அந்த வாசல் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கேபினை விட்டு இறங்கினால் தான் யார் என்று அவருக்குத் தெரியாது. வலி என்ற சொல்லை அவர் வீட்டைத் தாண்டி வெளியே கொண்டுவந்ததே இல்லை.

நெட்டையும் இல்லாமல் குட்டையும் இல்லாமல் நடுவாந்திரமாக இருந்ததால், முதல் நாற்காலியைப் பழனிவேல் அளவிலேயே செய்து பார்ப்பது என்று முடிவானது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது எங்கள் கேபினுக்கு வந்தது. கறுப்பு மெத்தை, இரண்டு பக்கமும் கைதாங்கி, கால் வைக்க ஒரு கம்பி. பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பழனிவேல்தான் முதலில் உட்காரவேண்டும் என்று எல்லோரும் சொல்ல, வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார், கை தட்டினோம். அந்த நாற்காலிக்குப் பழனிவேல் சேர் என்றே பெயர் ஆகிவிட்டது. பழைய நாற்காலியை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். புடவையைச் சுருட்டி அவர் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனார்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஷிப்ட் மாறும் நேரத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சிங்காரம், இது என் அளவு தானே?"

"உன் அளவுதான் அண்ணே. ஊருக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் எனக்கு ஆவல? உக்காந்தா யாரோ புடிச்சு வெச்சுகினு இருக்கறாப்பல இருக்குது. கால மடிக்க முடியல, கைதாங்கி இடிக்குது. சாஞ்சா தள்ளுது. இடுப்பு முன்னவிட ஜாஸ்தியா வலிக்குது. என் ஒடம்ப அளந்து செஞ்சது எனக்கே ஆவலன்னா, தப்பு சேர்லயா, என் ஒடம்புலயா?"

எனக்கும் அந்த நாற்காலி ஆகவில்லைதான். ஆனால் நான் நெட்டை, எனக்கு ஆகாததற்கு ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு அந்த நியாயமும் இல்லை. அளவெடுத்தவர்கள் தப்பாக எடுத்திருப்பார்களோ என்று பார்த்தால், நாடாவைப் பிடித்து எடுத்ததை நாங்களே கண்ணால் பார்த்தோம். வயதாகி உடம்பு சுருங்கிவிட்டதோ என்று கண்ணாடி முன் நின்று பார்த்தாராம். தன் உடம்பின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல நாற்காலியில் உட்காரும் ராசி தன் உடம்புக்கு இல்லையோ என்றுகூட ஒரு நாள் கேட்டார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, வாயை மூடு அண்ணே என்று கத்திவிட்டேன்.

முடிச்சை அவிழ்த்தது சாமியம்மாள்தான். குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுக்கு நான் போயிருந்த ஒரு மாலை, அளவெடுத்த அன்று எப்படி உட்கார்ந்திருந்தீர்கள், காட்டுங்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். பழனிவேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார். முதுகு நேர், முழங்கால் ஒட்டி, கை தொடை மேல்.

சாமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்கறேன், ஒரு நாளும் நீங்க இப்படி உக்காந்து பாத்ததில்ல. அந்தம்மா உங்கள அளக்கல. உங்க மரியாதைய அளந்துகினு போயிருக்காங்க."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை பேர் போனோம், அத்தனை பேரும் அதே மாதிரிதான் உட்கார்ந்தோம். ஒரு ஆள்கூட உண்மையாக உட்காரவில்லை. பிறகு இசைப்பிரியா கேபினுக்கே நேரில் வந்து பார்த்தபோதும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் ஜீப் இறங்கினால் தூரத்திலேயே தெரிந்துவிடும், ஜீப் வந்து நிற்பதற்குள் நிமிர்ந்துவிடுவோம்.

அப்புறம் என்ன, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பழனிவேல் தலையில் கை வைத்துக்கொண்டு புலம்பினார். நான் உட்கார்ந்தது பொய் என்று சொன்னால், ஏன் கோணலாக உட்காருகிறாய் என்று கேட்பார்கள். இடுப்பைப் பற்றிக் கேட்பார்கள். வலியைச் சொன்னால் ராயப்பனோடு நானும் கேட் திறக்கவேண்டியதுதான். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் எல்லா கேபினுக்கும் இதே நாற்காலி வந்துவிடும், ஊரே என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு உட்காரும். சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு. நீயும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். சாமியம்மாள் மட்டும் ஒரு வழி சொன்னார். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், அடுத்த முறை அந்த அம்மா வரும்போது எப்போதும் போல உட்கார்ந்து காட்டுங்கள், படித்தவர்கள், பார்த்தால் புரிந்துகொள்வார்கள். சுலபமான வழிதான். பழனிவேலும் சரி என்றார்.

இசைப்பிரியா கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வந்தது ஐப்பசி மழையில். பார்த்து நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் எல்லா கேபினுக்கும் நாற்காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். முதல் ஷிப்ட் முடியப்போகும் நேரம், நான் மாற்று ஆளாக வந்து நனைந்த கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழனிவேல் அன்று சாமியம்மாளின் புடவையைக் கூடக் கொண்டுவந்து நாற்காலியில் மடித்துப் போட்டிருந்தார். இடப்பக்கம் சாய்ந்து தயாராக இருந்தார். கதவு திறந்தது. அவ்வளவுதான், மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

உட்காருங்கள், உட்காருங்கள் என்றார் இசைப்பிரியா. உட்கார்ந்தார். முதுகு நேர். நான் பின்னாலிருந்து இருமினேன். அவருக்கும் நினைவு வந்தது. வலது காலை மடிக்கப் பார்த்தார். கால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது, மறுபடி கீழே போய்விட்டது. இடப்பக்கம் சாயப் பார்த்தார், தோள் மட்டும் கொஞ்சம் இறங்கி மேலே வந்தது. நெற்றி வேர்த்துவிட்டது. தினமும் உட்காரும் விதம் அவருக்கு மறந்தேபோய்விட்டது. அவர் நினைத்தாலும் அந்த உடம்பு கேட்கவில்லை. அதை அப்படி நிமிர்த்தியது அவர் அப்பாவா, என் அப்பாவா என்று எனக்கு அந்த இடத்தில் ஒரு எண்ணம் வந்து, நெஞ்சைக் கரித்தது.

நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று கேட்டார் இசைப்பிரியா. ரொம்ப நல்லா இருக்குதுங்க மேடம் என்றார் பழனிவேல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது. சத்தியம் செய்து தொலைத்திருந்தேனே. இசைப்பிரியா சந்தோஷமாகப் பையை மூடத் தொடங்கினார்.

அப்போது மேல் பெல்ட்டில் ஈரக் களிமண் வந்தது. மழை நாளில் அப்படித்தான், பாறாங்கல் மாதிரி உருண்டு வந்து கொட்டுமிடத்தில் அடைத்துக்கொள்ளும். சத்தம் மாறியது எனக்கே கேட்டது. அடுத்த கணம் பழனிவேலின் வலது கால், இடித்த கைதாங்கியையும் பொருட்படுத்தாமல் அடியில் போய்விட்டது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. கழுத்து தூணைத் தாண்டி நீண்டது. ஒரு கை நிறுத்தும் பொத்தானை அடித்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேல் கேபினுக்கு, ஓட்டாத, ஓட்டாத, இங்க குமிஞ்சிடுச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு கை, அவருக்கே தெரியாமல், இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. கீழே ஆட்கள் வந்து களிமண்ணைக் குத்தித் தள்ளும்வரை கண்ணை எடுக்காமல் அப்படியே இருந்தார். எச்சரிக்கைச் சங்கை ஊதிவிட்டு பெல்ட்டை மறுபடி ஓடவிட்ட பிறகுதான் கேபினுக்குள் வேறு ஆள் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

இசைப்பிரியா கேபினை விட்டுப் போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டு, தன் தலையைப் பழனிவேலின் தலைக்குச் சமமாக வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சுடிதாரெல்லாம் சேறு. பழனிவேல் பதறி நிமிரப் போனார்.

"அப்படியே இருங்க, அசையாதீங்க," என்றார் அவர். கொஞ்ச நேரம் தூணையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எத்தன வருஷமா வலிக்குது?"

வலிக்கிறதா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார், அது அவருக்குப் பழக்கம். எத்தனை வருஷம் என்று கேட்டதும் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்று சந்தேகம்கூடப் பட்டிருப்பார். கை இன்னும் இடுப்பிலேயே இருந்தது. கடைசியில் அவர் மேடம் என்று கூப்பிடவில்லை.

"சொன்னா, என்னை இந்த எடத்த வுட்டு எழுப்பிடுவீங்களாம்மா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஈரக் கோட்டை உதறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். இல்லை என்று சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை இசைப்பிரியா.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. வலிக்குது, நீங்க போய்க் காட்டத்தான் வேணும். ஆனா நான் ரிப்போர்ட்ல உங்க வலிய எழுதப் போறதில்ல. இந்தத் தூண எழுதப் போறேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பழனிவேலுக்குப் புரியவில்லை. ஷிப்ட் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். தூணை எழுதினால் தூணுக்கா மாற்றல் போடுவார்கள்? நான் மாட்டிக்கொண்டேனா, தப்பித்தேனா? எனக்கும் குழப்பம்தான். இரண்டும்தான் என்று சொல்லி வைத்தேன்.

எழுதியது வீண் போகவில்லை. பொங்கல் முடிந்து, பொத்தான் மேசையைத் தூணுக்கு இந்தப் பக்கம் நகர்த்திப் பொருத்தினார்கள். அந்த நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய், கைதாங்கியை மடக்கும்படியும், ஏற்றி இறக்கும்படியும், முதுகு சாயும்படியும் வேறொன்று அனுப்பினார்கள். நேராக உட்கார்ந்தாலே கொட்டுமிடம் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரு தூணுக்காகவா முதுகை ஒடித்துக்கொண்டோம் என்று எங்கள் ஆட்கள் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். பழனிவேல் ஆஸ்பத்திரிக்கும் போனார், சாமியம்மாள் கையோடு அழைத்துப் போனார். இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார்கள், கேபினிலேயே இருக்கலாம் என்றார்கள். அன்று குவார்ட்டர்ஸ் முழுக்க ஜிலேபி வந்தது. ஆனால் கோணல் போகவில்லை. தூண் மறைக்காத இடத்திலும் அவர் இடப்பக்கம் சாய்ந்துதான் இருப்பார். நான் சொன்னால் நிமிருவார், மறந்ததும் சாய்வார்.

கோடையில் இசைப்பிரியா மறுபடி ஒரு நாள் வந்தார். அன்றும் ஷிப்ட் மாறும் நேரம். புது நாற்காலியின் பின்னால் குனிந்து எதையோ திருகிப் பார்த்தார், பழனிவேலிடம் நாலு வார்த்தை பேசினார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார். ஜீப் மேலேறிப் போகும்வரை பழனிவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் குழப்பம்.

"சிங்காரம், அந்தம்மா வந்தப்ப நான் எழுந்திருக்கவே இல்ல. கால மடிச்சுகினே வாங்கம்மான்னு சொல்லிட்டேன். தப்பா?"

எனக்கும் அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணே. இப்ப எழுந்திரு, என் ஷிப்டு ஆரம்பிச்சிடுச்சு."

"இரு, போலாம்," என்றார் அவர். மடித்த காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியே ஓடும் மண்ணைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.